ரெசிஸ்டரை மாற்றியும் கேட்காத ஜால்ரா

நீங்கள் போனில் குழு ஒன்று வைத்துக்கொண்டு அடித்துக்கொள்வதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடையை மூடிவிட்டு வீட்டில் கிடக்கிறவனை எதற்கு அதில் சேர்த்தீர்களோ தெரியாது. சேர்த்த பாவத்துக்கு இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒருவர், வீட்டில் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் சாதாரண ரெசிஸ்டர்களைக் கழற்றிவிட்டு வெளிநாட்டுச் சாமான் போட்டதும் பாட்டுக்கு உயிர் வந்துவிட்டது என்று எழுதினார். இன்னொருவர் அதெல்லாம் புருடா, மின்சாரத்துக்கு எந்த நாட்டு ரெசிஸ்டர் என்று தெரியாது என்றார். அதற்குப் பிறகு ஒருவர் படிப்பை ஒருவர் இழுத்து, கழுதை, கற்பூரம் என்று போய்விட்டது. கடைசியில், "அண்ணே, நீங்க ஒரு முடிவு சொல்லுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

சொல்கிறேன். ரெசிஸ்டரால் சத்தம் மாறுமா என்றால், மாறும். ஆம்ப்ளிஃபயரின் முதல் கட்டத்தில் பழைய கார்பன் ரெசிஸ்டர் இருந்தால் பாட்டுக்குப் பின்னால் உஸ் என்று ஓர் இரைச்சல் வரும். அதை எடுத்துவிட்டு நல்ல மெட்டல் ஃபிலிம் போட்டால் இரைச்சல் அடங்கும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் அளவு பிசகினால் பாட்டு ஒரு பக்கம் சாயும். தாங்குகிற வாட் பார்க்காமல் போட்டால் கருகும், கூடவே மற்றதையும் கெடுக்கும். இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகு, அளவு சரி, சூடு சரி, இரைச்சல் இல்லை என்ற பிறகு, இன்னும் விலை கூடிய ரெசிஸ்டரைத் தபாலில் வரவழைத்துப் போட்டால் என்ன ஆகும்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அவ்வளவுதான் ஆகும்.

இதில் இரண்டு கட்சிக்கும் திருப்தி இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தக் கேள்வியை வெறும் சாமான் கேள்வியாக நீங்கள் நினைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதர் நல்ல ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்து திரும்பத் திரும்ப ரெசிஸ்டர் மாற்றச் சொன்னால், நீங்கள் என்ன செய்ய வேண்டும்? அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் எங்கள் டீமேக்கர் ஐயாவின் கதைதான்.

தெரணியகலையில் என் ரேடியோ ரிப்பேர் கடை இருந்தபோது, மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் டீமேக்கர். கொழுந்து ஸ்டோருக்குள், அதாவது தேயிலை ஆலைக்குள், நுழைந்ததிலிருந்து தூளாகி வெளியே போகும்வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. சின்ன வயதில், கொழுந்தை உருட்டுகிற மெஷின் ஓடும் ரோலர் அறையில் உதவியாளாகச் சேர்ந்து மேலே வந்தவர். உயரமான ஆள், வெள்ளைச் சட்டை, அதிகம் பேசமாட்டார். ஆம்ப்ளிஃபயர் கட்டுவது அவருக்குப் பைத்தியம். சர்க்யூட் பலகையில் சாலிடர் வைப்பதைப் பார்த்தால் தொழில்காரன் தோற்றான் என்று சொல்வீர்கள். என்னிடம் வருவதெல்லாம் சாமான் வாங்கவும், மீட்டரில் வைத்துப் பார்க்கவும்தான்.

அவரிடம் ஒரு பஜனைப் பதிவு இருந்தது. தோட்டத்துக் கோயிலில் ஒரு மார்கழியில் பாடியதை அவரே கேசட்டில் பிடித்து, பிறகு கணினியில் ஏற்றி வைத்திருந்தார். அதில் ஜால்ரா போட்டதும் அவரேதான். மேடையில் தலைவர்களுக்குப் போடுகிற ஜால்ராவைச் சொல்லவில்லை, கையில் பிடிக்கிற ஜால்ராவைச் சொல்கிறேன். எந்தப் புதுப் பலகையைக் கட்டினாலும் அவர் முதலில் போட்டுப் பார்ப்பது அந்தப் பஜனையைத்தான்.

ஒருநாள் பலகையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"தம்பி, ஜால்ரா கரையுது."

"கரையுதுன்னா ஐயா?"

"முன்ன கண்ணாடி மாதிரி கேக்கும். இப்ப மேல் சத்தமே இல்ல. ஜால்ரா போட்ட எனக்குத் தெரியாதா? ரெசிஸ்டர் சரியில்ல. நல்லதா மாத்துவோம்."

நம் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சிங்களத்தில் 'சத்தே மதி' என்பார்கள், சத்தம் போதாது என்று. அந்த நோய்க்கு மருந்து எல்லோருக்கும் தெரியும். ஜால்ரா கரைகிறது என்று ஒருவர் சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். பலகையை வைத்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவர் ஆசைப்பட்டாரே என்று நல்ல மெட்டல் ஃபிலிம் கொடுத்தேன். மாற்றிக் கேட்டுவிட்டு மறுவாரம் வந்தார், முகமெல்லாம் மலர்ச்சி. "வந்திருச்சு தம்பி" என்றார். மழை மாதம் முடிவதற்குள் திரும்பவும் வந்தார். "திரும்பக் கரையுது. இத விட நல்ல சாமான் கெடைக்குமா?"

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதல் தடவை ஏன் வந்தது, பிறகு ஏன் போனது? அவர் போட்ட புது ரெசிஸ்டர்களில் ஒன்று பழையதின் அளவுக்கு ஒரு சின்ன வித்தியாசத்தில் இருந்தது. அதனால் முழுப் பாட்டும் ஒரு மயிரிழை கூடுதலாக ஒலித்தது. சத்தம் கொஞ்சம் கூடினால் மனிதக் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்று சொல்லும். நாலு நாளில் பழகிவிட்டால் தெளிவும் போய்விடும். ரெசிஸ்டர் சண்டை போடுகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் இந்தக் குழிக்குள்தான் விழுந்து கிடக்கிறார்கள். இரண்டு பலகையை ஒப்பிடுகிறவன் முதலில் இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்து ஒன்றாக்க வேண்டும்.

அவர் சாமான் தேடி எங்கள் ஊர் நானா கடைக்கும் போய்வருவார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம், இந்த நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தொழிலுக்கு வந்த காலத்திலிருந்தே ரேடியோ சாமான் விற்கிறவர், எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் கடை வாசலில் நின்று கற்றது. டீமேக்கர் ஐயாவைப் பற்றி நான் ஒருநாள் அவரிடம் அலுத்துக்கொண்டேன். இவர் கேட்கிற மாதிரி ரெசிஸ்டரை ஆண்டவன்தான் செய்து அனுப்ப வேண்டும் என்றேன்.

நானா சிரிக்கவில்லை. "தம்பி, சாமான்ல பிழ இல்ல. அந்த மனுசன் பேசக்கொள்ள எங்க பாக்குறாருண்டு கண்டீங்களா?"

"எங்க?"

"என்ட வாயப் பாக்குறாரு. கொரோனா காலத்துல நான் மாஸ்க்கப் போட்டுட்டுப் பேசினேன், ஒண்டும் வெளங்கல்ல. கோவிச்சிட்டுப் போகப் பாத்தாரு. மாஸ்க்கக் கீழ எறக்கிட்டு அதையே மெல்லமாச் சென்னேன், எல்லாம் வெளங்கிச்சு."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமாக அவர் பலகையைப் பார்த்தேனே தவிர அவரைப் பார்க்கவில்லை. தோட்டத்தில் மற்றவர்களுக்கும் அவர் காது மங்கியது தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. ரோலர் ஓடுகிற அறைக்குள் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அங்கே எல்லாமே கைச்சாடைதான். கையைச் சுழற்றினால் ஓட்டு, விரலை மடக்கினால் நிறுத்து, மூக்கைத் தொட்டால் வாசம் பார். ஓர் ஆயுள் முழுக்கச் சாடையில் வேலை வாங்கிய மனிதருக்குக் காது மங்கினால் ஸ்டோரில் யார் கண்டுபிடிப்பார்கள்?

வீட்டில் கண்டுபிடித்திருக்க வேண்டும். அங்கே நடந்தது வேறு. அவருடைய குவாட்டர்ஸுக்கு ஸ்பீக்கர் பொருத்த ஒருமுறை போயிருந்தேன். அவர் மனைவி லெச்சுமி அம்மா குசினியிலிருந்து, "என்னங்க, தண்ணி கொதிச்சிருச்சு, தம்பிக்குத் தேத்தண்ணியா, காப்பியா?" என்று கேட்டார். ஐயா திரும்பவே இல்லை. அம்மா இன்னொரு முறை கூப்பிடவும் இல்லை. அவரே தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார். "இவரு எங்கூடப் பேசுறத விட்டுப்போட்டாரு தம்பி. அந்தப் பொட்டிகூடத்தான் எந்நேரமும்." புருஷன் பொண்டாட்டிச் சண்டை, நமக்கென்ன என்று நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நானா சொன்ன பிறகுதான் அந்த அம்மாவின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு ரெசிஸ்டர் விற்க மனம் வரவில்லை.

எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய பாடு. 'உங்களுக்குக் காது கேக்கல' என்று ஸ்டாஃப் ஐயா ஒருவரிடம் கடை வாசலில் சொல்ல முடியுமா? மனிதர் மானஸ்தர். ஒருமுறை கோபித்துக்கொண்டால் என்னை விட்டுவிட்டு அவிசாவளைக்குப் போவார், அங்கே எவனாவது சந்தோஷமாக ரெசிஸ்டர் விற்பான். வீட்டில் அந்த அம்மா ஊமையாகவே இருப்பார். சொல்லாமல் விடவும் முடியவில்லை.

வழியை அவரே காட்டினார். அடுத்த முறை வந்தபோது, "எந்த ரெசிஸ்டர் நல்லதுன்னு நீங்களே கேட்டுத் தேர்ந்தெடுங்க ஐயா" என்றேன்.

"அப்ப ஸ்டோர்ல தேயில ருசி பாக்குற மாதிரிப் பாப்போம். கோப்பையில பேரு எழுதி வச்சா நாக்கு பொய் சொல்லும். ஒரே நிறுவ, ஒரே தண்ணி, எது எந்தத் தூளுன்னு குடிக்கிறவனுக்குத் தெரியக் கூடாது."

அதைவிடச் சரியான சோதனையை எந்தப் படித்தவரும் சொல்லிவிட முடியாது. நான் ஒரே மாதிரி இரண்டு பலகை கட்டினேன். ஒன்றில் அவர் தேடித் தேடி வாங்கிய வெளிநாட்டு ரெசிஸ்டர்கள், மற்றதில் நானா கடைச் சாதாரண மெட்டல் ஃபிலிம். மீட்டர் வைத்து இரண்டின் சத்தத்தையும் ஒன்றாக்கினேன். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, மாற்றுவதற்கு ஒரு சுவிட்ச் வைத்தேன்.

கொழுந்து இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டோர் ஓயாமல் ஓடுகிற சத்தம் இல்லாத நேரத்தில், அவருடைய முன்னறையில் உட்கார்ந்தோம். சுவிட்சைத் தட்டுவதற்கு ஐயாவே மனைவியைக் கூப்பிட்டார். "தம்பி தட்டுனா மொகத்துலயே காட்டிக்குடுத்துருவாரு. நீ தட்டு. எதுன்னு யாருக்கும் சொல்லாத." அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். வெகு நாளைக்குப் பிறகு அவர் எதற்கோ கூப்பிட்டார் என்பதில் அந்த அம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் என்று எனக்குத் தோன்றியது.

பஜனை ஓடியது. ஐயா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா ஒரு பக்கம் தட்டினார், பிறகு மறுபக்கம். ஐயா வெகு நேரம் கேட்டார். அவர் நெற்றி சுருங்கிக்கொண்டே வந்தது.

"இதுலயும் கரையுது. அதுலயும் கரையுது. ரெண்டு கோப்பையும் ஒண்ணுதான். ரெண்டும் மட்டம்." கண்ணைத் திறந்தார். "பாட்டு வருது, மிருதங்கம் வருது. ஜால்ரா எங்க?"

லெச்சுமி அம்மா சுவிட்சில் கை வைத்தபடியே, இயல்பாக, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். "ரெண்டுலயும் ஜல்ஜல்லுன்னு கேக்குதே."

அவருக்கு அது கேட்கவில்லை. உதடு அசைந்ததை மட்டும் பார்த்தார். "என்ன சொல்றா?" என்று என்னிடம் கேட்டார்.

தம்பிமாரே, சாலிடர் வைப்பது தொழில் இல்லை, இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறப்பதா மூடுவதா என்பதுதான் தொழில். 'ஒண்ணுமில்ல ஐயா' என்று சொல்லிவிடலாம். இன்னொரு ரெசிஸ்டருக்கு ஆர்டர் போட்டுவிட்டு ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம். அந்த அம்மாவும் என்னைத்தான் பார்த்தார். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

நான் நாற்காலியை இழுத்து அவருக்கு நேரே போட்டு உட்கார்ந்தேன், என் வாய் அவருக்குத் தெரிகிற மாதிரி.

"ஐயா, அம்மாவுக்கு ஜால்ரா கேக்குதாம். எனக்கும் கேக்குதுங்க. ரெண்டு பலகையிலயும் நல்லாக் கேக்குது."

"வெளையாடாதீங்க தம்பி."

"வெளையாடல ஐயா. நீங்க போட்ட ஜால்ரா அப்பிடியே இருக்கு. பலகையில எதுவும் கொறையல."

அவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய் ஸ்பீக்கரில் காதை வைத்தார். குனிந்தபடியே நின்றார். மறு காதை வைத்தார். பாட்டு முடிந்து, அடுத்த பாட்டும் ஓடியது. பிறகு நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தார்.

"ரோலர்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். வருடக்கணக்கான அந்த இரைச்சல்தான் காதைத் தின்றது என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு மனைவியிடம் திரும்பினார். "லெச்சுமி, நீ என்னயக் கூப்புடுறதே இல்லியே. நான் என்னமோ நெனச்சேன்."

"நான் கூப்புட்டேங்க." அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தேன். நீங்க திரும்பல. எம்மேல என்ன கோவமோ, கேட்டா இன்னும் கோவம் வருமோன்னு பயந்துக்கிட்டு நானும் வாயக் கட்டிக்கிட்டேன்."

ஐயா அதை அம்மாவின் வாயைப் பார்த்தே கேட்டார். முழுவதும் கேட்டார். நான் எழுந்து வெளியே போய்க் குரோட்டன் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உள்ளே பஜனை ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் அதை நிறுத்தவில்லை.

உடனே எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைக்காதீர்கள். டொக்டரிடம் போக அவர் சுலபத்தில் சம்மதிக்கவில்லை. காதில் மெஷின் வைத்துக்கொண்டு ஸ்டோருக்குள் போனால் ஆட்கள் சிரிப்பார்கள் என்றார். பென்ஷனுக்குப் போன பிறகு பார்க்கலாம் என்றார். நான் இரண்டு முறை மேலே போய்ப் பேசினேன், நானா ஒரு முறை த்ரீவீல் பிடித்து வந்து பேசினார். எங்கள் இரண்டு பேரையும் அவர் மரியாதையாக உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். கடைசியில் லெச்சுமி அம்மாதான் ஒரு காலையில் அவருடைய வெளிப்பயணச் சட்டையை ஸ்திரி போட்டு வைத்துவிட்டு, தானும் சேலை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். இரத்தினபுரியில் பரிசோதித்துவிட்டு, மேல் சத்தம் கேட்கிற சக்தி ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது, போனது திரும்பாது, மெஷின் வைத்தால் பேச்சு விளங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்த முதல் வேலை, ரோலர் அறையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் இரைச்சலைத் தடுக்கிற காதடைப்பு வாங்கிக் கொடுக்கச் சொல்லித் தோட்ட மானேஜர் தொரையிடம் போய் நின்றது. தொரை யோசித்துப் பார்ப்போம் என்றாராம். ஐயா காதிலிருந்த மெஷினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இப்ப யோசிங்க சேர்" என்றாராம். அடுத்த மாதம் காதடைப்பு வந்தது. இப்போது அங்கே எல்லோரும் போட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள், சாடை பேசுகிறவர்களுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அளவைப் பாருங்கள், வாட்டைப் பாருங்கள், இரைச்சலைப் பாருங்கள், ஒப்பிடுவதற்கு முன் சத்தத்தை ஒன்றாக்குங்கள். இதெல்லாம் பத்து நிமிட வேலை. அப்புறமும் ஒருவர் வந்து, சத்தம் முன்னைப் போல இல்லை என்று சொன்னால் அவரைக் கேலி செய்யாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது உண்மையிலேயே முன்னைப் போல இல்லை. ரெசிஸ்டரை விற்று அனுப்பாமல், குழுவில் போட்டுச் சிரிக்காமல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

நான் கடையை மூடப் போகிறேன் என்று கேள்விப்பட்டு அவர்கள் இருவரும் ஒருநாள் வந்தார்கள். நான் மெல்லமாகத்தான் பேசினேன், ஐயா என் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"மெஷின் வச்ச பொறகு பாட்டு எப்பிடிங்க ஐயா?" என்று கேட்டேன்.

"பாட்டு நல்லால்ல தம்பி. தகரத்துல தட்டுன மாதிரி இருக்கு. பொட்டிய மூடி வச்சுட்டேன்." எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு மனைவியின் பக்கம் கையைக் காட்டினார். "கேக்கவும் நேரம் எங்க இருக்கு? அத்தன வருசமாப் பேசாதத எல்லாம் இவ சேத்து வச்சிருந்திருக்கா. இப்ப எடுத்து விடுறா."

"இன்னும் பாதிகூட முடியல தம்பி" என்றார் லெச்சுமி அம்மா.